வழியிலேயே திறந்து சரி பண்ற மாதிரி ஒரு பழைய 12 இன்ச் லேப்டாப்பைப் பயணத்துக்குத் தயார் பண்ணேன்

போன தடவை பைக்ல நீண்ட பயணம் கிளம்பினப்ப எடுத்துட்டுப் போன லேப்டாப் 9ஆவது நாளே போயிடுச்சு. கீழ விழல, தண்ணி படல. மெலிசான, எடை குறைவான மாடல், சைடு பாக்ஸ்ல துணிக்கு நடுவுல பத்திரமாத்தான் வச்சிருந்தேன், அன்னிக்கு முழுக்க ஜல்லி ரோடு, ராத்திரி தங்குன இடத்துல எடுத்து பவர் பட்டனை அழுத்துனா ஒரு லைட் கூட எரியல. அதுவரைக்கும் எடுத்த போட்டோ, எழுதி வச்ச குறிப்பு எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. கூட வந்த தம்பி, "அண்ணா, டிஸ்க்கை மட்டும் கழட்டி வேற எதுலயாவது மாட்டிப் பாக்கலாம்ல"ன்னு கேட்டான். கழட்டுறதுக்கு அதுல தனியா டிஸ்க்குன்னு ஒண்ணு இல்ல, ஸ்டோரேஜ், ரேம் எல்லாம் போர்டுலயே சால்டர் பண்ணது. போர்டு போனா எல்லாம் போச்சு. அந்த 9 நாள் போட்டோ இன்னிக்கு வரைக்கும் திரும்பக் கிடைக்கல, அது இன்னும் மனசுல உறுத்திட்டேதான் இருக்கு.

அதனால இந்தத் தடவை "உடையாத லேப்டாப் எது"ன்னு தேடுறதை விட்டுட்டேன். உடைஞ்சா நடுவழியில ஒரு ஸ்க்ரூ டிரைவரை வச்சு நானே திறந்து பாக்க முடியுமா, முடியலன்னா உள்ள இருக்குற டேட்டாவையாவது கையில எடுத்துட்டு வர முடியுமா, மொத்தமா தொலைஞ்சாலும் தாங்குற விலையா, இந்த மூணையும் வச்சுத்தான் தேடுனேன். வேலைன்னு பாத்தா பெருசா ஒண்ணும் இல்ல, மெமரி கார்டுல இருந்து போட்டோ இறக்கணும், ரெண்டு இடத்துல காப்பி வைக்கணும், மேப்ல ரூட் திருத்தணும், ராத்திரி உக்காந்து எழுதணும். வீடியோ எடிட்டிங் எல்லாம் வீடு திரும்பினதுக்கு அப்புறம்தான்.

முதல்ல எல்லாரும் போற வழியிலதான் நானும் போனேன், மிலிட்டரி கிரேடுன்னு போட்டிருக்குற மாடலாப் பாத்துப் பட்டியல் போட்டேன். அதுக்கு ஆதாரமா அவங்க போடுற எம்ஐஎல்-எஸ்டிடி-810ங்கிறது என்னன்னு உக்காந்து படிச்சப்பதான் விஷயம் புரிஞ்சுது. அது அமெரிக்க ராணுவத்துறை வெளியிட்ட சோதனை முறைகளோட தொகுப்பு, 2008ல 810ஜிங்கிற பதிப்பு வந்துச்சு, 2019ல 810ஹெச். லேப்டாப்புக்கு சர்டிபிகேட் குடுக்குற ஆபீஸ்னு எதுவும் கிடையாது, தயாரிக்கிற கம்பெனியே அதுல இருந்து தனக்கு வேண்டிய சோதனையை மட்டும் எடுத்துப் பண்ணிக்கலாம், அதனால ஒரு மாடல்ல தூசி சோதனை இருக்கும், இன்னொண்ணுல வெறும் சூடு, குளிர் மட்டும் இருக்கும், அட்டையில ரெண்டுக்கும் ஒரே வரிதான். கீழ போடுற சோதனையில 122 செமீ உயரத்துல இருந்து 26 தடவை போடுவாங்க. அந்த 26 எப்படி வந்துச்சுன்னா ஒரு பெட்டிக்கு 6 பக்கம், 12 விளிம்பு, 8 மூலை, ஒவ்வொண்ணும் கீழ படுற மாதிரி ஒரு தடவை. ஆனா அந்த 26ஐயும் ஒரே மெஷின்தான் தாங்கணும்னு இல்ல, 5 மெஷின் வரைக்கும் மாத்தி மாத்திப் போட்டுக்கலாம், விழுற இடமும் கான்கிரீட் மேல வச்ச பிளைவுட். அந்தச் சோதனை பொய்னு நான் சொல்லல. எந்தெந்த சோதனை பண்ணாங்கங்கிற பட்டியல் கிடைச்சா மட்டும் நம்புங்க, வெறும் 810னு போட்டிருந்தா அதை வச்சு முடிவு எடுக்காதீங்க. தூசி, தண்ணியை எவ்வளவு தாங்கும்னு சொல்ற ஐபி ரேட்டிங் அதை விடத் தெளிவு, ஐபி65ன்னா முதல் எண் 6, தூசி உள்ள போகாது, ரெண்டாவது 5, தண்ணியைப் பீய்ச்சி அடிச்சாலும் தாங்கும்.

அந்த மாதிரி நிஜமாவே முரட்டு மெஷின் வேணும்னா பானசோனிக் டஃப்புக் இருக்கு. பழைய சிஎஃப்-19 ஒண்ணைக் கையில எடுத்துப் பாத்தேன், 10.4 இன்ச் ஸ்கிரீன், மெக்னீசியம் பாடி, எல்லா போர்ட்டுக்கும் ரப்பர் மூடி, எனக்கு உடனே பிடிச்சுப் போச்சு. ஆனா எடை 2.3 கிலோ கிட்ட. ஸ்கிரீன் 1024க்கு 768தான், இன்னிக்கு ஒரு மேப்பைத் திறந்தாலே இடம் பத்தாது. எனக்கு முக்கியமா இடிச்சது சார்ஜிங், அது கேக்குறது 15.6 வோல்ட், யூஎஸ்பி பிடிங்கிற யூஎஸ்பி-சி சார்ஜர்ல வழக்கமா வர்றது 5, 9, 15, 20 வோல்ட், ஆக அதுக்குன்னே தனியா ஒரு சார்ஜரைச் சுமந்துட்டுப் போகணும், அது வழியில போச்சுன்னா மாத்து கிடைக்கிறது குதிரைக்கொம்பு. மழையிலயும் சேத்துலயும் திறந்து வச்சு வேலை பாக்குறவங்களுக்கு அதுதான் சரி, அதுல சந்தேகமே இல்ல. நான் கூடாரத்துக்குள்ளயோ ரூம்லயோதான் திறப்பேன், பயணம் முழுக்க அது பைக்குள்ள மூடிதான் இருக்கும். அப்போ என் பிரச்சனை அதிர்வு, தூசி, குளிர், கரன்ட், இவ்வளவுதான்.

ஸ்கூல் பசங்களுக்குன்னு பண்ற குரோம்புக்கையும் பாத்தேன், சுத்தி ரப்பர் விளிம்பு, கீபோர்டுல தண்ணி கொட்டுனாலும் தாங்கும், விலையும் ரொம்பக் கம்மி. ஆனா பெரும்பாலும் ஸ்டோரேஜ் போர்டுலயே ஒட்டுனதுதான், அதோட ஒவ்வொரு மாடலுக்கும் அப்டேட் நிக்கிற தேதின்னு ஒண்ணு இருக்கு, பழசு வாங்கும்போது அதைப் பாக்காம வாங்கக் கூடாது. ஒரு அடி வாங்கிட்டு மறுபடியும் ஒட்டுன ஸ்டோரேஜ்னு மனசு ஒத்துக்கல.

கடைசில வந்து நின்ன இடம், ஆபீஸ்ல 3, 4 வருஷம் ஓடிட்டு மொத்தமா வெளிய வர்ற 12.5 இன்ச் பிசினஸ் லேப்டாப். ஹெச்பி எலைட்புக் 820, டெல் லாட்டிடியூட் 7290, லெனோவோ திங்க்பேட் எக்ஸ் வரிசை, இந்த மூணுமே நல்ல மெஷின்தான், ஆபீஸ்காரங்க கூட்டங்கூட்டமா வாங்குனதால பாகம் எங்கயும் கிடைக்கும். நான் எடுத்தது திங்க்பேட் எக்ஸ்270, 2017ல வந்தது. அதுக்கு முந்துன எக்ஸ்230க்கு (2012) இன்னும் ரசிகர்கள் உண்டு, ரெண்டு ரேம் ஸ்லாட், கீபோர்டை கழட்டுறது ரொம்ப ஈஸி, ஆனா யூஎஸ்பி-சி கிடையாது, லெனோவோ பட்டியல்ல இல்லாத வைஃபை கார்டு மாட்டுனா பயாஸ் (மெஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடுற அடிப்படை புரோகிராம்) ஏத்துக்காது. அடுத்து வந்த எக்ஸ்280ல எடை குறைஞ்சுது, ஆனா ரேம் போர்டோட ஒட்டிடுச்சு, பேட்டரியும் உள்ள போயிடுச்சு. எக்ஸ்270 ரெண்டுக்கும் நடுவுல நிக்குது, யூஎஸ்பி-சி சார்ஜிங் உண்டு, பின்னாடி கழட்டி மாட்டுற பேட்டரியும் உண்டு, ரேம் ஒரு ஸ்லாட், டிஸ்க் தனி, முழு சைஸ் எஸ்டி கார்டு ஸ்லாட், ஈதர்நெட், ஹெச்டிஎம்ஐ எல்லாம் பாடியிலயே இருக்கு. கேமரா கார்டை நேரா சொருகிக்கலாம், அடாப்டர்னு ஒண்ணைத் தொலைக்க வேண்டியதில்ல. சின்ன பேட்டரியோட எடை 1.3 கிலோ சுமார்.

இதுல ஒரு குறையும் சொல்லிடுறேன். விண்டோஸ் 11க்கு இன்டெல்லோட 8ஆவது தலைமுறை ப்ராசசர்ல இருந்துதான் அதிகாரப்பூர்வமா சப்போர்ட், எக்ஸ்270ல இருக்குறது 6 இல்லைன்னா 7. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது. விலை இவ்வளவு இறங்குனதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். நான் விண்டோஸுக்குப் பதிலா இலவசமாக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட் போட்டுக்கிட்டேன், எனக்கு வேண்டிய எல்லாமே அதுல ஓடுது, விண்டோஸ் கட்டாயம் வேணுங்கிறவங்க லாட்டிடியூட் 7290ல 8ஆவது தலைமுறை இருக்கிறதாப் பாத்து எடுங்க.

வாங்குறப்ப பணம் குடுக்குறதுக்கு முன்னாடி அங்கேயே உக்காந்து ஒரு மணி நேரம் பாத்தேன். முதல் வேலை பயாஸுக்குள்ள போறது, சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டா அப்படியே திருப்பிக் குடுத்துடணும், அதை எடுக்குறது லேசுப்பட்ட வேலை இல்ல. அப்புறம் லினக்ஸ் போட்ட ஒரு பென்டிரைவ்ல பூட் பண்ணி பேட்டரியோட டிசைன் கெபாசிட்டி எவ்வளவு, இப்போ ஃபுல் சார்ஜ்ல எவ்வளவு பிடிக்குது, எத்தனை சைக்கிள்னு பாத்தேன், விண்டோஸ்ல இருந்தா பேட்டரி ரிப்போர்ட்னு அதே விவரம் எடுக்கலாம். டிஸ்க் எந்த நிலைமையில இருக்குன்னு காட்டுற ஸ்மார்ட் ரிப்போர்ட், எல்லா கீயும் ஒரு தடவை, எல்லா போர்ட்டும் ஒரு தடவை. யூஎஸ்பி-சில சார்ஜர் சொருகிட்டு ஒயரை மெதுவா ஆட்டிப் பாத்தேன், சார்ஜ் விட்டு விட்டு வந்தா அந்த போர்ட் தேஞ்சிருக்குன்னு அர்த்தம், அது போர்டோட ஒட்டுன பாகம்ங்கிறதால அந்த ஒண்ணுல மட்டும் நான் கறாரா இருந்தேன். கடைசியா ஸ்கிரீனை ஒரு மூலையில மட்டும் பிடிச்சுத் திறந்து மூடுனேன், பாடி முறுகுற சத்தம் வந்தா ஹிஞ்ச், அதாவது கீல் பக்கத்துல ஸ்க்ரூ லூஸ் இல்லைன்னா பிளாஸ்டிக் விரிசல். எனக்கு வந்த மெஷின்ல லேசான சத்தம் இருந்துச்சு, இத்தனை வருஷம் ஓடுனதுக்கு அது சகஜம்தான், திறந்து பாத்துக்கலாம்னு எடுத்துட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா சர்வீஸ் மேனுவலை இறக்குனேன். திங்க்பேடுக்கு ஹார்டுவேர் மெயின்டனன்ஸ் மேனுவல்னு ஒவ்வொரு மாடலுக்கும் கம்பெனியே இலவசமா வெளியிட்டிருக்கு, எந்த ஸ்க்ரூ எங்க, எந்த வரிசையில கழட்டணும்னு படத்தோட இருக்கும், அதை போன்லயும் ஒரு காப்பி வச்சுக்கிட்டேன், லேப்டாப் செத்துக் கிடக்கும்போது அதுக்குள்ள இருக்குற மேனுவலை வச்சு என்ன பண்றது.

திறக்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மறக்கக் கூடாது, பின் பேட்டரியை எடுத்தாலும் உள்ள இன்னொரு சின்ன பேட்டரி போர்டுக்குக் கரன்ட் குடுத்துட்டேதான் இருக்கும். பயாஸ்ல உள் பேட்டரியை டிஸேபிள் பண்ற ஆப்ஷன் இருக்கு, அதைப் போட்டதும் மெஷின் அணைஞ்சுடும், திரும்ப சார்ஜர் சொருகுற வரைக்கும் உயிர் வராது, அப்புறம் தைரியமா கை வைக்கலாம். அடி மூடி ஸ்க்ரூ எல்லாம் லூஸ் பண்ணாலும் மூடியோடயே நிக்கும், கீழ விழாது, மண்ணுல உக்காந்து திறக்குறவனுக்கு அது பெரிய வரம். மூடியைச் சுத்தி கிளிப் இருக்கு, பழைய பிளாஸ்டிக் கார்டு ஒண்ணை விட்டு நெம்புனேன், இரும்பு எதையும் உள்ள விடாதீங்க.

உள்ள ஃபேன் முழுக்க மெத்தை மாதிரி தூசி. ஃபேனை விரலால பிடிச்சுக்கிட்டு பிரஷ்ல எடுத்தேன், சுத்த விட்டு ஊதக் கூடாது. ப்ராசசர் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்துற தெர்மல் பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்பு மாதிரி ஆகியிருந்துச்சு, ஐசோப்ரொப்பில் ஆல்கஹால்ல துடைச்சுட்டு புதுசு வச்சேன், ஹீட்சிங்க் ஸ்க்ரூல நம்பர் போட்டிருக்கும், அந்த வரிசையில கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். ஹிஞ்ச் ஸ்க்ரூ ரெண்டு நான் நினைச்ச மாதிரியே லூஸ். இதுக்குப் பசை போடலாம்னு தோணும், ஸ்க்ரூ கழளாம இருக்கப் போடுற அந்த த்ரெட்லாக்கர் பசை பிளாஸ்டிக்ல பட்டா சில பிளாஸ்டிக்ல விரிசல் விட்டுடும், அதனால அது பக்கமே போகல. இந்த மெஷின்ல வர்ற ஸ்க்ரூ முனையில நைலான் பூச்சு இருக்கும், அதிர்வுல கழளாம இருக்குறதுக்குத்தான் அது, ஒரு தடவை கழட்டுனா பிடி குறைஞ்சுடும், மேனுவலே புது ஸ்க்ரூ போடச் சொல்லுது. ஒரு செட் புது ஸ்க்ரூ வாங்கிப் போட்டேன், முறுகுற சத்தம் அதோட நின்னுச்சு.

வந்த மெஷின்ல சுத்துற ஹார்ட் டிஸ்க் இருந்துச்சு, அதை எடுத்துட்டு சுத்துற பாகமே இல்லாத 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போட்டேன். வேகத்துக்காக மட்டும் இல்ல. ஹார்ட் டிஸ்க்கோட ஹெட், அதாவது படிக்கிற முனை, தட்டு மேல ஒரு மெல்லிசான காத்துப் படலத்துல மிதக்குது, மேல ஏற ஏறக் காத்து மெலிஞ்சுடும், அதனாலதான் சாதாரண ஹார்ட் டிஸ்க்கை இயக்குறதுக்கு 3,000 மீட்டர் சுமார்தான் உச்ச வரம்புன்னு போடுறாங்க. நாங்க ஏறப் போறது அதுக்கு மேல, அது போக பைக் அதிர்வு வேற. என்விஎம்இன்னு இன்னும் வேகமான டிஸ்க் போடவும் இதுல வழி இருக்கு, நான் வேணும்னே சாட்டா எடுத்தேன், ஒரு சின்ன சாட்டா-யூஎஸ்பி ஒயர் இருந்தா கழட்டி லினக்ஸ் ஓடுற எந்தக் கம்ப்யூட்டர்லயும் சொருகிப் படிக்கலாம், போன தடவை எனக்கு இல்லாமப் போனது அதுதானே. டிஸ்க் முழுக்க பாஸ்வேர்டு இல்லாமப் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் பண்ணிட்டேன், திருடு போனா மெஷின் மட்டும் போகட்டும்.

கரன்ட் விஷயத்துலதான் இந்த மெஷின் மேல எனக்கு மரியாதை வந்துச்சு. உள்ள 23 வாட் அவர் பேட்டரி, பின்னாடி பெரிய பேட்டரி போட்டா 72. ஓடும்போது பின் பேட்டரிதான் முதல்ல காலியாகும், உள் பேட்டரியில ஓடிட்டே பின்னாடி கழட்டி வேற மாட்டலாம், அணைக்க வேண்டியதில்ல. விமானத்துல 100 வாட் அவருக்குள்ள இருக்குற பேட்டரியைக் கைப்பையில கொண்டு போகலாம், உதிரி பேட்டரியை செக்-இன் லக்கேஜ்ல போடக் கூடாது, இது ரெண்டும் தனித்தனியா 100க்குள்ளதான். லினக்ஸ்ல டிஎல்பின்னு ஒரு டூல் போட்டு சாதாரண நாள்ல 80 சதவீதத்தோட சார்ஜ் நிக்கிற மாதிரி வச்சேன், பயணம் கிளம்புறப்ப மட்டும் 100.

பவர் பேங்க் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க, 20,000 எம்ஏஹெச்னு போட்டிருக்கும், அது உள்ள இருக்குற செல்லோட 3.7 வோல்ட்டுக்கு, ஆக 74 வாட் அவர், 20 வோல்ட்டா ஏத்தும்போது கொஞ்சம் வீணாகும், கைக்கு 60 சுமார் வரும்னு வச்சுக்கலாம். லேப்டாப்புக்கு சார்ஜ் ஏறணும்னா அதுல 20 வோல்ட் 2.25 ஆம்பியர்னு எழுதியிருக்கணும், அதாவது 45 வாட். பைக்ல போடுற சார்ஜருக்கும் அதே கணக்குதான், ரெண்டு போர்ட்டும் சேத்து 45ன்னு சின்ன எழுத்துல போட்டிருக்கும், போனையும் சேத்து சொருகுனா லேப்டாப்புக்குப் பத்தாது. பைக் பேட்டரியில இருந்து 45 வாட் எடுத்தா 12 வோல்ட்ல 4 ஆம்பியர் கிட்ட போகும், ஃபியூஸ் இல்லாம ஒயர் இழுக்காதீங்க.

எங்க வைக்கிறதுங்கிறதுக்கு ஒரு சோதனை பண்ணேன், இந்த மொத்த வேலையிலயும் எனக்கு ரொம்ப உபயோகமானது அதுதான். போன்ல ஃபைஃபாக்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, ஜெர்மனியில ஆகென் பல்கலைக்கழகத்துல பண்ணது, போனுக்குள்ள இருக்குற சென்சாரை வச்சு அதிர்வைப் பதிவு பண்ணும். லேப்டாப் வைக்கிற இடத்துல போனை வச்சு, ஒரே மோசமான ரோட்டுல ஒரே வேகத்துல மூணு தடவை ஓட்டுனேன். சைடு பாக்ஸ்ல வச்சப்ப கோடு போன் சென்சாரோட உச்சத்தைத் தொட்டு அங்கேயே வெட்டுப்பட்டு நின்னுச்சு, நிஜ அதிர்வு அதுக்கும் மேல. டேங்க் பேக்ல அதை விடக் குறைவு, ஆனா எஞ்சின் துடிப்பு விடாம ஒரு கோடா வந்துட்டே இருக்கு. முதுகுல மாட்டுற பையில வச்சப்பதான் கோடு அடங்குச்சு, நம்ம உடம்பே ஷாக் அப்சார்பர் வேலை பாக்குது. விழுந்தா லேப்டாப் மேலயே நாம விழ வாய்ப்பிருக்கேன்னு ஒரு யோசனை வரும், அதனால கடினமான மூலை எதுவும் முதுகெலும்பு பக்கம் வராம, முதுகுக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல தடிமனான ஃபோம் ஷீட் வச்சேன். சுருட்டி மூடுற வாட்டர்ப்ரூஃப் பைக்குள்ள லேப்டாப், கூட சிலிக்கா ஜெல். கீபோர்டு மேல சிலிக்கான் கவர் போட்டு அப்படியே மூடாதீங்க, பைக்குள்ள அழுத்தம் விழும்போது அந்தத் தடிமன் ஸ்கிரீனைக் குத்தும்.

பயணம் 5 வாரம். ஸ்லீப்ல போட்டுப் பைக்குள்ள வைக்கிறதே இல்ல, தினமும் முழுசா அணைச்சுட்டுத்தான் மூடுவேன், உள்ள முழிச்சுக்கிட்டா வெளிய போக வழியில்லாத சூட்டுல பேட்டரிதான் அடி வாங்கும். மேல குளிர்ல காலையில பேட்டரி சில்லுன்னு இருக்கும்போது சார்ஜ் போடல, 0 டிகிரிக்குக் கீழ லித்தியம் செல்லுக்கு சார்ஜ் ஏத்துனா உள்ள லித்தியம் உலோகமாப் படிஞ்சு செல் நிரந்தரமாக் கெடும். ராத்திரி பின் பேட்டரியைக் கழட்டி ஸ்லீப்பிங் பேக்குள்ள வச்சுட்டுத் தூங்குனேன். குளிர்ல இருந்து சூடான ரூமுக்குள்ள வந்தா உடனே பையைத் திறக்கவும் இல்ல, திறந்தா ஈரம் முத்து முத்தாப் பூக்கும், மூடுன பையிலயே ஒரு மணி நேரம் கிடந்து சூடாகட்டும்னு விட்டுடுவேன்.

19ஆவது நாள் ராத்திரி அது நடந்துச்சு. பவர் லைட் எரியுது, ஸ்கிரீன் கருப்பு. போன தடவை ஞாபகம் வந்து வயித்தைக் கலக்குச்சு. தம்பி டார்ச் பிடிச்சான், "அண்ணா, அவசரப்படாதீங்க, முதல்ல டிஸ்க்கைக் கழட்டி வச்சுடுங்க"ன்னான், நியாயமான யோசனை, டிஸ்க்கை எடுத்து தம்பியோட மெஷின்ல யூஎஸ்பி ஒயர்ல சொருகி, பாஸ்வேர்டு போட்டா எல்லா ஃபோல்டரும் அப்படியே இருக்கு. அதைப் பாத்த பிறகு கை நடுங்குறது நின்னுடுச்சு, மெஷின் செத்தே போயிருந்தாலும் பரவாயில்லைன்னு ஒரு நிம்மதி. அப்புறம் நிதானமா ரேமைக் கழட்டிக் காண்டாக்ட்டைத் துடைச்சு, ரெண்டு பக்கக் கிளிப்பும் டக்குன்னு விழுற வரைக்கும் அழுத்தி மாட்டுனேன். ஆன் ஆச்சு. வீட்டுல சுத்தம் பண்ணப்ப நான் மாட்டுனதுல ஒரு பக்கக் கிளிப் முழுசா உக்காரல போல, 19 நாள் அதிர்வு மிச்சத்தையும் கழட்டிடுச்சு. ரேம் போர்டுலயே ஒட்டியிருந்தா கழண்டிருக்கவே கழண்டிருக்காதேன்னு கேக்கலாம், சரிதான், கழட்டி மாட்டுற பாகம் அதிர்வுல கழளத்தான் பாக்கும். ஆனா கழண்டதை 20 நிமிஷத்துல மாட்டிட்டு அன்னிக்கு ராத்திரியே போட்டோ இறக்கிட்டுப் படுத்தேன், எனக்கு வேண்டியது அதுதான்.

அதுக்கப்புறம் 31ஆவது நாள் ஒரு ஓடையைத் தாண்டும்போது பைக் சாஞ்சு நானும் பையும் இடுப்பளவு தண்ணியில. வாட்டர்ப்ரூஃப் பைக்கு உள்ள ஒரு சொட்டு இல்ல. வாயை மூணு சுத்து சுருட்டி மூடணும், அவசரத்துல ரெண்டு சுத்தோட விடுற நாள்தான் தண்ணி உள்ள போகும், அதனால மூடுறதை எப்பவும் நானே பண்ணேன்.

திரும்பி வந்து போன வாரம் மறுபடி திறந்தேன். ஃபேன்ல மாவு மாதிரி மெல்லிசா தூசி, அடி ரப்பர் கால் ஒண்ணைக் காணோம், ஹிஞ்ச் ஸ்க்ரூ ரெண்டும் இறுக்கமாவே இருக்கு, பின் பேட்டரி கெபாசிட்டி கிளம்புறப்ப இருந்ததுக்கு ஏறக்குறைய அதேதான். இந்தத் தடவை ரேம் கிளிப்பு மேல ஒரு சின்னத் துண்டு ஃபோம் ஒட்டியிருக்கேன், அடி மூடி மூடும்போது அது ரேமை லேசா அழுத்திப் பிடிக்கும், ஹீட்சிங்க் பக்கம் போகாத அளவுக்குத்தான் வெட்டுனேன். ரப்பர் கால் ஒரு செட் ஆர்டர் போட்டாச்சு.